வாத்தியார் இல்லாத மைதானம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், கல்வியைப் பத்தி ஏதாவது பேசுங்க, இருபது நிமிஷம் போதும்" என்றார். முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியவனுக்குக் கல்வியைப் பற்றிப் பேச இருபது நிமிடம் ரொம்ப அதிகம். ஆகவே கல்விக்கு நடுவில் வருகிற இடைவேளையைப் பற்றிப் பேசுகிறேன். வாத்தியார் பக்கத்தில் இல்லாதபோது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு நான் ஒரு தப்பான பதிலை இந்தக் கல்லூரியில்தான் கற்றுக்கொண்டு போனேன். அதனால் இங்கேயே வந்து திருத்திக் கொள்வதுதான் முறை.

1970-ஆம் ஆண்டு. நாங்கள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் எங்கள் பேராசிரியர் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நாவலை எடுத்து வந்து வாசிப்பார். வில்லியம் கோல்டிங் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்'. 1954-இல் வெளிவந்தது. கோல்டிங் இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். பிற்பாடு 1983-இல் நோபல் பரிசு பெற்றார். கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விமானம் விழுந்து ஆங்கிலேயப் பள்ளிச் சிறுவர்கள் ஆளில்லாத ஒரு தீவில் மாட்டிக் கொள்கிறார்கள். கூட ஒரு பெரியவர்கூட இல்லை. முதலில் கூட்டம் போடுகிறார்கள், தலைவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சங்கு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் பேசலாம் என்று சட்டம் போடுகிறார்கள். கொஞ்ச நாளில் சங்கும் போச்சு, சட்டமும் போச்சு. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பியவர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு பேரைக் கொன்றுவிடுகிறார்கள்.

கடைசி அத்தியாயம் படித்த அன்று வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் (இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறான், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்) என் காதில், "நம்ம ஹாஸ்டல் மாதிரியே இருக்குடா" என்றான். நான் சிரிக்கவில்லை. மனிதன் என்றால் இதுதான், மேலே இருக்கிற கண்ணை எடுத்துவிட்டால் மிருகம் வெளியே வந்துவிடும் என்று நோட்டில் எழுதி வைத்துக் கொண்டேன். அந்த நோட்டைத்தான் ஆசிரியப் பணிக்கு எடுத்துப் போனேன்.

1991-இல் நான் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். பள்ளி மைதானத்தில் ஒரு பெரிய புளியமரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதன் அடியில் ஏழெட்டு விதமான ஆட்டம் நடக்கும். ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கீழே விழுந்து கை முறிந்தது. அவனுடைய அப்பா வந்து என் மேஜையைத் தட்டினார். அன்று சாயங்காலமே சுற்றறிக்கை விட்டேன்: ஆசிரியர் மேற்பார்வை இல்லாமல் மாணவர்கள் விளையாடக் கூடாது. விசிலோடு பி.டி. மாஸ்டர் மைதானத்துக்கு வந்தார்.

அதற்கு முன்பு மதிய வேளையில் புகார் என்று என்னிடம் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். சுற்றறிக்கைக்குப் பிறகு என் அறை வாசலில் வரிசை. "சார், இவன் அவுட்டு சார், போக மாட்டேங்கிறான்." "சார், கோட்டை அழிச்சிட்டான் சார்." பத்து வயதுப் பையன் தன் ஆட்டத்துச் சண்டையைத் தானே முடித்துக் கொள்ளத் தெரியாமல் கெஜட்டட் ஆபீசரிடம் மனு கொண்டு வருகிறான்! நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பார்த்தாயா, பிள்ளைகள் எவ்வளவு சண்டைக்காரர்கள், நல்லவேளை மேற்பார்வை போட்டோம் என்று நினைத்தேன். புகார் கூடக் கூட என் நம்பிக்கையும் கூடியது.

இன்னொன்றும் நடந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. எங்கள் ஆயாம்மா சொல்லித்தான் தெரிந்தது. "அய்யா, முன்னெல்லாம் பொடிசுங்களும் ஆடுமே, இப்ப எல்லாம் செவுத்தோரமா உக்காந்திருக்குங்க" என்றார். உண்மைதான். பி.டி. மாஸ்டர் முறையாக ஆள் பிரித்தார். இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை, மீதிப் பேர் உட்கார். பிள்ளைகள் தாங்களே ஆடியபோது மீதி என்று யாரும் இருந்ததில்லை. அண்ணன் பின்னாலேயே வந்து நிற்கிற குட்டித் தம்பியை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக் கொள்வார்கள். அந்தச் சொல் நல்ல சொல் இல்லை, கால் ஊனமானவர்களைக் குத்துகிற சொல். ஆனால் அது குறிக்கிற ஏற்பாட்டைப் பாருங்கள். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை. ஓடலாம், கத்தலாம், அவனால் யாருக்கும் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஒரு வருடம் போனால் அவனே நிஜ ஆட்டக்காரன் ஆகிவிடுவான். எந்தக் கல்வித் துறை இந்தத் திட்டத்தைத் தீட்டியது? எந்த அரசாணையில் இது வந்தது? நான் பி.எட். படித்தபோது இப்படி ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதே போலத்தான் 'கா' விடுவதும் 'பழம்' விடுவதும். சுண்டுவிரலை நீட்டினால் பேச்சு முறிந்தது, வேறு விரலை நீட்டினால் பேச்சு சேர்ந்தது. (எந்த விரல் எதற்கு என்பது ஊருக்கு ஊர் மாறும். இதைப் பற்றி இந்த மேடையில் விவாதம் வேண்டாம், சாப்பாடு ஆறிவிடும்.) சண்டையைத் தொடங்கவும் முடிக்கவும் ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்களோடு இருபது வருடம் பேசாமல் இருக்கிற நமக்கு அப்படி ஒன்று இல்லை.

ஆயாம்மா சொன்னதைக் கேட்டுக் கொண்டேன். சுற்றறிக்கையை எடுக்கவில்லை. கை முறிந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே? 2009-இல் ஓய்வு பெறும் வரை அது அப்படியே இருந்தது.

பிறகு 2020. கொரோனா அடைப்பில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த நாட்கள். என் பேத்தி போனில் ஒன்றைப் படித்துக் காட்டினாள். ருட்கர் பிரெக்மன் என்ற டச்சு வரலாற்று எழுத்தாளர் அந்த ஆண்டு ஒரு பழைய சம்பவத்தைத் தேடி எடுத்து எழுதியிருந்தார். "தாத்தா, நீங்க சொல்வீங்களே அந்த நாவல், அது நிஜமாவே நடந்திருக்கு, ஆனா வேற மாதிரி" என்றாள்.

பசிபிக் கடலில் டோங்கா என்று ஒரு தீவு நாடு. 1965 ஜூன் மாதம். தலைநகர் நுகுஅலோஃபாவில் விடுதியில் தங்கிப் படித்த ஆறு பையன்கள், பள்ளிக்கூடம் சலித்துப்போய், ஒரு மீனவரின் படகைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பிஜித் தீவுக்குப் போவதாகத் திட்டம். முதல் இரவே காற்றில் பாய் கிழிந்தது, சுக்கான் உடைந்தது. எட்டு நாள் கடலில் மிதந்தார்கள். மழைத்தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்து, காலையில் ஒரு வாய், மாலையில் ஒரு வாய் என்று சமமாகக் குடித்தார்கள். கடைசியில் அட்டா என்ற பாறைத் தீவில் ஒதுங்கினார்கள்.

அந்தத் தீவில் ஒரு காலத்தில் மக்கள் இருந்தார்கள். 1863-இல் அடிமை பிடிக்கிற கப்பல் ஒன்று வந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தவர்களை டோங்கா அரசர் வேறு தீவுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார். நூறு வருடம் யாரும் இல்லை. அவர்கள் விட்டுப்போன வாழையும் சேம்புக் கிழங்கும் கோழியும் மட்டும் மேட்டுப் பகுதியில் தானாகவே பெருகிக் கிடந்தன. பையன்களைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் முன்பு மீனும் கடற்பறவையும் அதன் முட்டையுமாகக் காலத்தை ஓட்டினார்கள்.

பதினைந்து மாதம் அங்கே இருந்தார்கள். என்ன நடந்திருக்கும்? என் நோட்டின்படி மூன்றாவது மாதம் வெட்டுக்குத்து நடந்திருக்க வேண்டும். நடந்தது இது. இரண்டு இரண்டு பேராகப் பிரித்து முறை வைத்துக் கொண்டார்கள். தோட்டத்துக்கு இரண்டு பேர், சமையலுக்கு இரண்டு பேர், காவலுக்கு இரண்டு பேர். பாடுபட்டு மூட்டிய தீயை ஒரு வருடத்துக்கு மேல் அணையவே விடவில்லை. மரக்கட்டையைக் குடைந்து மழைத்தண்ணீர் சேர்த்தார்கள். காலையிலும் மாலையிலும் பாட்டும் பிரார்த்தனையும். சண்டை வராமல் இல்லை. சண்டை வந்தால் இரண்டு பேரும் தீவின் ஆளுக்கொரு பக்கம் போய்விட வேண்டும். சூடு ஆறியதும் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருவன் மரக்கட்டை, அரைத் தேங்காய்ச் சிரட்டை, உடைந்த படகிலிருந்து எடுத்த கம்பி இவற்றை வைத்து ஒரு கிதார் செய்தான். இன்னொருவன் பாறையிலிருந்து சறுக்கி விழுந்து கால் முறிந்தது. குச்சியும் இலையும் வைத்துக் கட்டி, "நீ படுத்துக்கோ, உன் வேலையை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள். பின்னாளில் பார்த்த மருத்துவர் எலும்பு அவ்வளவு ஒழுங்காகக் கூடியிருந்ததைக் கண்டு வியந்தாராம்.

இந்த இடத்தில் பேத்தியைப் படிப்பதை நிறுத்தச் சொன்னேன். கை முறிந்த அந்த ஏழாம் வகுப்புப் பையன் நினைவுக்கு வந்துவிட்டான். அன்று என்னிடம் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் யார்? கூட ஆடிய நான்கு பையன்கள். ஒருவன் தன் சட்டையைக் கழற்றி, முறிந்த கைக்கு ஏணை மாதிரி கட்டியிருந்தான். சட்டை இல்லாமல் நிற்கிறாயே என்று அவனை நான் அதட்டியதும் நினைவுக்கு வந்தது.

1966 செப்டம்பர் 11-ஆம் தேதி பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் தன் படகில் அந்தப் பக்கம் போனபோது, தீவின் சரிவில் தீப்பட்ட கரும்புள்ளிகளைப் பார்த்து அருகே போனார். ஒரு பையன் கடலில் குதித்து நீந்தி வந்தான். ஊரில் இவர்களுக்கு ஈமச்சடங்கே முடிந்திருந்தது. சரி, உயிரோடு திரும்பி வந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் செய்தது என்ன? படகைத் திருடிய குற்றத்துக்காகப் பிடித்து உள்ளே வைத்தார்கள்! வார்னர்தான் படகுக்காரருக்குப் பணம் கட்டி மீட்டார். பிற்பாடு அவர்களையே தன் மீன்பிடிப் படகுக்கு ஆட்களாகவும் சேர்த்துக் கொண்டார்.

நண்பர்களே, இத்தோடு நிறுத்திவிட்டால் நல்ல கதை. பார்த்தீர்களா, குழந்தையும் தெய்வமும் ஒன்று என்று கைதட்டிவிட்டு சாப்பிடப் போகலாம். ஆனால் நான் வாத்தியார். ஒரு தப்பை அடித்துவிட்டு இன்னொரு தப்பை எழுத எனக்கு மனமில்லை. அந்த ஆறு பேரும் பச்சைக் குழந்தைகள் இல்லை, பதின்ம வயதுக்காரர்கள். முன்பே ஒன்றாகப் படித்தவர்கள். மீன் பிடிக்கவும் கிழங்கு வைக்கவும் வீட்டில் பழகியவர்கள். அந்த முறைவேலையும் பிரார்த்தனையும் தீவில் முளைத்தவை இல்லை, கொண்டுபோனவை. டோங்கா மக்களில் சிலரே, இதை ஏதோ பொதுவான மனித சுபாவம் என்று பேசாதீர்கள், எங்கள் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிற விதத்தையும் பாருங்கள் என்று சொன்னார்கள். நியாயமான பேச்சு. அப்படிப் பார்த்தால் கோல்டிங்கின் பையன்களும் கொண்டுதான் போனார்கள். அந்த நாவலில் முரடனாக மாறுகிற ஜாக் யார்? கோயில் பாடகர் குழுவை வெயிலில் அங்கி போட்டு அணிவகுத்து நடத்திக்கொண்டு வருகிற தலைவன். பிரம்பும் அணிவகுப்பும் அவனுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது.

நாவல் வந்த அதே 1954-இல் அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் ஓர் ஆய்வு நடந்தது. முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர், பதினோரு வயதுப் பையன்கள் இருபத்திரண்டு பேரைக் கோடை முகாமுக்கு அழைத்துப்போய் இரண்டு அணியாக்கினார். கொஞ்ச நாளில் ஒருவர் கொடியை ஒருவர் எரித்தார்கள். பிள்ளைகள் தானாகவே கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொள்வார்கள் என்று பாடப்புத்தகங்களில் இது ஏறிவிட்டது. எங்களுக்கும் பி.எட்.டில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அணி பிரித்தது யார், ஜெயித்தவனுக்குத்தான் கத்தி பரிசு, தோற்றவனுக்கு ஒன்றும் இல்லை என்று வைத்தது யார்? பெரியவர்கள். அதற்கு முந்திய ஆண்டு அதே ஷெரீஃப் நியூயார்க் மாநிலத்தில் நடத்திய முகாமில், ஆய்வாளர்கள் ரகசியமாகப் பையன்களின் பொருட்களைக் கெடுத்து, பழியை எதிரணி மேல் விழச் செய்ய முயன்றார்கள். பையன்கள் உட்கார்ந்து பேசி, இது அவங்க வேலை இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்! ஆய்வைப் பாதியில் கைவிட வேண்டியதாயிற்று. இந்தச் செய்தி பாடப்புத்தகத்துக்கு வரவில்லை. ஜினா பெரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் 2018-இல் ஒரு நூல் எழுதி இதையெல்லாம் வெளியே கொண்டு வந்தார்.

சுவிட்சர்லாந்தின் பியாஜே இவர்களையெல்லாம்விடப் புத்திசாலி என்பது என் கட்சி. அவர் பிள்ளைகளை எங்கும் கொண்டுபோய் அடைக்கவில்லை. ஜெனீவாவிலும் நூஷாட்டெலிலும் கோலி ஆடுகிற பையன்களிடம் போய், "எனக்கு எப்படி ஆடுறதுன்னு சொல்லிக்கொடு" என்று உட்கார்ந்தார். 1932-இல் அதைப் புத்தகமாக எழுதினார். அவர் கண்டது இது. ஐந்தாறு வயதுப் பிள்ளை, ஆட்டத்தின் சட்டம் பெரியவர்களிடமிருந்தோ கடவுளிடமிருந்தோ வந்தது, மாற்றவே கூடாது என்று சாதிக்கும். ஆனால் அந்தச் சட்டப்படி ஆடாது. பத்து பதினொரு வயதுப் பையன், எல்லாரும் ஒத்துக்கொண்டால் சட்டத்தை மாற்றலாம் என்பான். ஆனால் மாற்றிய சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றுவான். (பெண் பிள்ளைகளுக்குச் சட்ட நுணுக்கம் குறைவு என்று அவர் எழுதியது மட்டும் தப்பு. ஐந்தாங்கல் ஆடுகிற எங்கள் ஊர்ப் பெண்களிடம் மனுஷன் ஒரு மாலைப்பொழுது மாட்டியிருக்க வேண்டும்.)

எல்லாரும் ஒத்துக்கொண்டால் என்கிறாரே, அந்த எல்லாரும் யார்? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

1961 வாக்கில், எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்குக் கீழே கிட்டிப்புள் ஆடுவோம். ஒரு பெரியவர் அந்தப் பக்கம் வர மாட்டார். பறக்கிற புள்ளை அந்தரத்தில் பிடித்துவிட்டால் அடித்தவன் அவுட், பிடித்தவனுக்கு அடுத்த அடி. இதுதான் சட்டம். சேரியிலிருந்து ஒரு பையன் வருவான். அவன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவனைப் போல் புள் பிடிக்கிற கை அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. சடுகுடு என்றால் அவனைச் சேர்க்க மாட்டோம், தொட வேண்டியிருக்குமே. கிட்டிப்புள்ளுக்குச் சேர்த்தோம். ஆனால் அவனுக்கு மட்டும் சட்டம் வேறு. அவன் பிடித்தால் அடித்தவன் அவுட்தான். அடி மட்டும் எங்களில் ஒருவனுக்குப் போகும். அவன் கிட்டியைத் தொடக் கூடாது. இதை எந்தப் பெரியவரும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நாங்களே ஒத்துக்கொண்டோம். எல்லாரும்!

ஒரு நாள் அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் இல்லாமல் ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. யார் அடித்தாலும் பிடிக்க ஆள் இல்லை, ஒருத்தனே நாள் முழுக்க அடிக்கிறான், மற்றவன் எல்லாம் வீட்டுக்குப் போகிறான். நாலாம் நாள் நானும் இன்னொருவனும் அவனைத் தேடிப் பனங்காட்டுப் பக்கம் போனோம். ஆடு மேய்த்துக் கொண்டிருந்தான். "ஏண்டா வரலை?" என்றோம். "புடிச்சா எனக்கும் அடி குடுப்பீங்களா?" என்று கேட்டான். வேறு ஒன்றும் பேசவில்லை. நாங்கள் திரும்பி வந்து மற்றவர்களிடம் சொன்னோம். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாதம். "வீட்ல தெரிஞ்சா?" என்றான் ஒருவன். "யார் சொல்லப் போறா?" என்றான் இன்னொருவன். சட்டம் மாறியது. மறுநாள் அவன் வந்தான். பிடித்தான். அடித்தான். முதல் அடியே கண்மாய்க்குள் போய் விழுந்தது.

பதினைந்து இருபது நாள் அப்படி ஆடியிருப்போம். என் தாத்தா ஒரு சாயங்காலம் மடை திறக்க வந்தவர் பார்த்துவிட்டார். கிட்டி அவன் கையில். எனக்கு வீட்டில் விழுந்தது இரண்டு அறை. அவனுடைய அப்பாவை எங்கள் வாசலுக்கு வரச் சொன்னார்கள். அங்கே நடந்ததை நான் திண்ணைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதை இந்த மேடையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து நாங்கள் கண்மாய்க் கரைக்குப் போனோம். பழைய சட்டப்படியே ஆடினோம். அவன் வரவில்லை. இந்தத் தடவை தேடிக்கொண்டு யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

பத்து வருடம் கழித்து இந்தக் கல்லூரியில் உட்கார்ந்து, பெரியவர்கள் இல்லாவிட்டால் பிள்ளைகள் மிருகமாகிவிடுவார்கள் என்று நோட்டில் எழுதியவன் நான். எழுதும்போது அந்தப் பனங்காடு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

1984-இல் ஒரு பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். கண்டக்டர். எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை, அவருக்கு உடனே தெரிந்தது. "வாத்தியாரா இருக்கீங்கன்னு சொன்னாங்க. பிள்ளைங்க இப்பவும் கிட்டிப்புள் ஆடுதுங்களா சார்?" என்று கேட்டார். 'சார்' என்றார். கிரிக்கெட் வந்துவிட்டது, யாரும் ஆடுவதில்லை என்றேன். சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ்ஸில் கூட்டம், அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது, அவர் பின்பக்கம் போய்விட்டார்.

அங்கே சாம்பார் வாளி தூக்குகிற சத்தம் கேட்கிறது.